கருப்பைக் கண்டாச் சுடும் மெசினு

ஏங்கண்ணு, அந்தச் செல்போனைச் சித்தக் கீழ வையி. மோவாய்க்கட்டையில இருக்கறது நாலு முடி. அதை விரலால பெருசு பண்ணிப் பெருசு பண்ணிப் பாத்தா நாப்பதாத்தான் தெரியும்.

நாங்க வளந்த காலத்துல ஊட்டுக்கு ஒரு கண்ணாடி. அதுவும் ரசம் போனது. இந்தப் பக்கம் பாத்தா மூக்கு, அந்தப் பக்கம் பாத்தா காது. முழு மூஞ்சியையும் பாக்கறவன் அடுத்தவன்தான். அவனுக்கு உன்ற மோவாயை எண்ண நேரம் ஏது? இப்ப கலியாணத்துக்கு வர்ற போட்டோக்காரன் மசுருத் துவாரம் வரைக்கும் படம் புடிக்கறான். பொறவு அவனே அதையெல்லாம் கம்ப்யூட்டர்ல அழிச்சும் குடுக்கறான். அதுக்குத் தனிக் காசு. பொழைக்கத் தெரிஞ்சவன்.

நான் சண்டைக்கு வரல கண்ணு. அந்த முடி வேண்டாம்னா எடுத்துக்கோ. உன்ற மூஞ்சி, உன்ற காசு. எதை வெச்சு எடுக்கறேன்னு தெரிஞ்சு எடுன்னுதான் சொல்றேன்.

"அப்பிச்சி, மஞ்சத் தேச்சாப் போயிருமா?"ன்னு நீ கேக்கப்போறே. கேட்டா நான் ஆமான்னு சொல்லோணும். ஏன்னா நான் மஞ்சக்காரன். ஈரோட்டு மண்டியில மூட்டை எறக்கியே முதுகு வளைஞ்சவன். எங்க மஞ்சளுக்கு 2019ல புவிசார் குறியீடே குடுத்திருக்காங்க, தெரியுமா? அப்படியாப்பட்ட நானே சொல்றேன்: மஞ்ச முடியை எடுக்காது. கஸ்தூரி மஞ்சளும் அப்படித்தான். எங்க ஆத்தா காலிங்கராயன் வாய்க்கால்ல நின்னுக்கிட்டு, சொரசொரப்பான கல்லுல கெழங்கை உரசி உரசி, கன்னத்துலயும் மேலுதட்டுலயும் பூசுவா. தினமும். மழைன்னாலும் விடமாட்டா. சாகற வரைக்கும் அந்தம்மாவுக்குப் பூனைமீசை இருந்துச்சு. மஞ்ச நெறத்துல அது கண்ணுக்குத் தெரியல, அவ்வளவுதான். தெரியாதது இல்லாத மாதிரிதானேன்னு அவ நெனச்சா. புத்திசாலி.

அதுக்காகப் பச்சைக் குப்பைமேனியை அரைச்சு ராத்திரி முழுக்க அப்பிக்கிட்டுத் தூங்காதே. காலையில முடி அப்படியே இருக்கும், மூஞ்சிதான் செவந்து கெடக்கும்.

சரி, மழிச்சா? "அய்யோ, மழிச்சா மொத்தமா வளரும்"னு உங்கம்மா பதறுவா. ஏங்கண்ணு, மழிக்க மழிக்க வளரும்னா, பழனிக்கு வருசா வருசம் மொட்டை போட்ட எனக்கு இன்னிக்கு எதுக்கு இந்த வழுக்கை? 1928லயே அமெரிக்காவுல மில்ட்ரெட் ட்ராட்டர்னு ஒரு ஆராய்ச்சிக்காரம்மா, ஆம்பளைங்களை ஒழுங்காச் சவரம் பண்ண வெச்சு, முளைச்ச முடியை அளந்தே பாத்துட்டாங்க. மொத்தமும் ஆகல, வெரசாவும் வளரல. வெட்டுன நுனி மொண்ணையா இருக்கறதால கைக்குக் குத்துது. அது பெருத்த மாதிரி நம்மளுக்குத் தோணுது. நூறு வருசமாகப் போகுது, உங்கம்மாவுக்கு இன்னும் சேதி வந்து சேரல.

நூல் வெச்சு எடுக்கறதும் இருக்குது. பார்லர்க்காரப் பொண்ணு ஒரு முனையைப் பல்லுல கடிச்சுக்கிட்டு, விரல்ல முறுக்கி, சர்ரு சர்ருன்னு இழுப்பா. பாத்தாலே எனக்குக் கண்ணுல தண்ணி வரும். வேரோட வந்துரும், சில வாரத்துக்குக் கவலையில்ல. ஆனா காலையில இருந்து எத்தன மூஞ்சியை இழுத்த வாயி அது? சிலருக்குப் பொடிப்பொடியாக் கொப்புளம் வந்துரும். பல்லுல கடிக்காம நூலைக் கழுத்துல கட்டிக்கற பார்லரும் இருக்குது, அந்த மாதிரி இடமாப் பாத்துப் போ.

இதுவரைக்கும் சொன்னதுல பெரிய சேதாரம் ஒண்ணும் இல்ல. இனிமேத்தான் வெவகாரம்.

முடியைச் சீக்குன்னு சொல்லி வித்தது ஆருன்னு நெனைக்கறே? கோயமுத்தூர்ல தோல் டாக்டருக்குப் படிக்கற பேத்தி ஒருத்தி எனக்கு உண்டு. லீவுக்கு வந்தா ஒரே கதையாத்தான் சொல்லுவா. 1915ல அமெரிக்காவுல ஜில்லெட் கம்பெனிக்காரன் பொம்பளைங்களுக்குன்னு ஒரு சவரக்கத்தி எறக்கினான். ஆம்பளைங்க அத்தன பேருக்கும் வித்தாச்சு, மிச்சம் இருக்கற பாதி ஊரை உடுவானா? அக்குள்ல முடி இருந்தா அசிங்கம்னு வெளம்பரம். அதுக்கு முந்தி அங்க முக்காவாசிப் பேருக்கு அது அசிங்கமாத் தெரியல.

பொறவு 1920கள்ல ட்ரைக்கோன்னு ஒரு மெசினு. நியூயார்க்குல கைசர்ங்கற டாக்டர் கண்டுபுடிச்சது. உள்ள என்னான்னா எக்ஸ்ரே! அழகு நிலையத்துல நாற்காலியில உக்காந்து, மோவாயைப் பெட்டியோட சன்னலுக்கு நேராக் காட்டோணும். வலியே இல்ல. முடியெல்லாம் உதுந்துருச்சு. பொம்பளைங்க ஊரு ஊராப் போயி வரிசையில நின்னாங்க. சில வருசம் கழிச்சுத் தோலு சுருங்கி, புண்ணு வந்து, கொஞ்சப் பேருக்குப் புத்துநோயே வந்துருச்சு. அது அடங்கறதுக்குள்ள கோரெம்லுன்னு ஒரு கிரீமு. அதுல இருந்தது தாலியம். எலிக்கு வெச்சுக்கிட்டு இருந்த பாசாணம் கண்ணு! பூசினவங்களுக்கு மீசை மட்டுமா போச்சு? தலைமுடி போச்சு, கை காலு மரத்துப் போச்சு.

"அது அந்தக் காலம் அப்பிச்சி, இது லேசரு"ங்கறே. சரி, அது எப்புடி வேலை செய்யுதுன்னு சொல்லு பாக்கலாம். தெரியாதா? எட்டு சிட்டிங்குக்கு எவ்வளவுன்னு கேட்டுட்டு வந்திருக்கே, அது மட்டும் தெரியுமா?

நானே சொல்றேன். அது ஒரு வெளிச்சம். அந்த வெளிச்சம் கருப்பைத் தேடிக்கிட்டுப் போகும். முடியில இருக்கற கருப்புச் சாயத்துக்கு மெலனின்னு பேரு. அது வெளிச்சத்தைக் குடிச்சுச் சூடாகும். சூடு வேருக்கு எறங்கும். வேரு வெந்துரும். வேலை அவ்வளவுதான். வெள்ளைத்தோலு, கருப்புமுடி இருக்கற ஊருக்குன்னு மொதல்ல செஞ்சது. அங்க முடி மட்டும்தான் கருப்பு. நம்மூர்ல? உன்ற தோலுலயும் அதே மெலனின்தான் கண்ணு. அந்த மெசினுக்கு முடி ஏது, மூஞ்சி ஏதுன்னு சொல்லியா குடுத்திருக்கு? கருப்பைக் கண்டாச் சுடும். கொப்புளம் வரும். ஆறினாப் பொறவு அந்த எடத்துல கரும்படை, மாசக்கணக்காப் போகாது. சிலருக்கு வெளுத்த திட்டு. மீசையை மறைக்கப் போனவ இப்ப திட்டை மறைக்க முந்தானையைப் போத்திக்கிட்டு நடப்பா.

அதுக்கு வழி இல்லாம இல்ல. மெசினுல வகை இருக்குது. அலெக்சாண்ட்ரைட்டுன்னு ஒண்ணு, 755 நானோமீட்டர் வெளிச்சம். அது செவத்த தோலுக்காரங்களுக்கு நல்லாக் கேக்கும், நம்மளை மாதிரி ஆளைச் சுடறதுக்கு வாய்ப்பு சாஸ்தி. என்டி யாக்னு இன்னொண்ணு, 1064. அந்த வெளிச்சம் மேல்தோலுல இருக்கற கருப்பை அவ்வளவாச் சட்டை பண்ணாம ஆழமா எறங்கும். நம்ம நெறத்துக்கு அதுதான் பத்திரம்னு பேத்தி சொல்றா. 1975ல ஃபிட்ஸ்பேட்ரிக்ங்கற டாக்டர் வெயில்ல தோலு எப்புடிக் கருகுதுன்னு பாத்து வகை பிரிச்சு வெச்சாரு. இப்ப அதுல ஆறு வகை. நம்மாளுங்க பெரும்பாலும் நாலு, அஞ்சு, கொஞ்சப் பேரு ஆறு. உன்ற தோலு எத்தனாவது வகைன்னு கேக்காமலே துப்பாக்கியைத் தூக்கறவன் கிட்ட மூஞ்சியைக் குடுப்பியா?

அப்பறம் இந்த "நிரந்தரம்"ங்கறது. போர்டுல இத்தாம் பெரிய எழுத்துல போட்டிருப்பான். ஒரு நேரத்துல எல்லா முடியும் வளந்துக்கிட்டு இருக்காது. கொஞ்சம் தூங்கிக்கிட்டு இருக்கும். வளர்றதை மட்டும்தான் லேசரு கொல்லும். தூங்கினது முழிச்சு வந்தா மறுபடி நாலாறு வாரம் கழிச்சுப் போகோணும். அதனாலதான் ஆறு தடவை, எட்டுத் தடவைங்கறாங்க. அமெரிக்காவுல எஃப்டிஏக்காரங்க முடி "குறையும்"னு வெளம்பரம் பண்ணத்தான் உடறாங்க, அத்தனையும் போயிரும்னு சொல்ல உடறதில்ல. மூஞ்சி முடி ஹார்மோனு புண்ணியத்துல வந்ததா இருந்தா, வருசத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவை போயிக்கிட்டே இருக்கோணும். கலியாண மொய்யி மாதிரி, ஒரு தடவையோட முடிஞ்சு போற கணக்கு இல்ல இது.

இன்னொரு கூத்து சொல்றேன், சிரிக்காதே. சிலருக்கு லேசரு வெச்ச எடத்துலயும், அதைச் சுத்தியும், முந்தி இருந்ததை விட அதிகமா முடி முளைக்கும்! பூனைமுடியா இருந்தது தடிச்சுக் கருப்பா வந்துரும். நெசமாத்தான். டாக்டருங்களே எழுதி வெச்சிருக்காங்க. மூஞ்சியிலயும் கழுத்துலயும்தான் சாஸ்தி. கருத்த தோலுக்காரங்களுக்கும், பிசிஓஎஸ் இருக்கற பொண்ணுங்களுக்கும் பாத்து வருது. காசும் குடுத்து முடியும் வாங்கிக்கிட்டு வர்ற கதை.

பிசிஓஎஸ்னு சொன்னேன் பாரு, இதைச் சித்தக் காது குடுத்துக் கேளு. கிண்டலை ஓரமா வெக்கறேன். மோவாயிலயும் மேலுதட்டுலயும் தடிமுடி வருது, மாசக்கணக்கு தவறுது, பருவு போகமாட்டேங்குது, ஒடம்பு வெயிட்டு போடுதுன்னா, அது மூஞ்சி வெவகாரம் இல்ல. உள்ள கர்ப்பப்பை பக்கத்து வெவகாரம். ரத்தம் குடுத்து, ஸ்கேன் எடுத்துப் பாக்கோணும். சட்டுன்னு ரெண்டு மூணு மாசத்துல மளமளன்னு முளைச்சு, கொரலும் கரகரன்னு ஆச்சுன்னா ஒரு நாளும் தள்ளாதே, டாக்டரைப் போயிப் பாரு. வேரு ஒடம்புக்குள்ள இருக்கறப்ப மோவாயிலயே சுட்டுக்கிட்டு இருந்தா எப்பத் தீரும்? மாசக்கணக்கு நின்ன பொறவு கெழவிகளுக்கு ரெண்டு முடி வர்றது வேற. அது வயசு. எங்கூட்டு அம்மிச்சிக்கும் இருக்குது. அதைப் பத்தி நான் பேசினதாச் சொல்லிராதே, ராத்திரிக்கு எனக்குச் சோறு கெடைக்காது.

ஆம்பளைப் பசங்க பல்லைக் காட்டறாங்க பாரு. ஏன்டா தம்பி, உங்க கூத்து தெரியாதா? எங்க ஒறம்பரையில ஒரு பொடியன். கன்னத்துல தாடி கோடு போட்டாப்ல நிக்கோணும்னு, கோட்டுக்கு மேல இருந்ததையெல்லாம் லேசரு வெச்சுச் சுட்டுட்டு வந்தான். தெனமும் சவரம் பண்ற வேலை மிச்சம்னு ஊரெல்லாம் சொன்னான். ரெண்டு வருசத்துல சினிமாவுல எல்லாவனும் காதுவரைக்கும் அடர்தாடி வெச்சுட்டான். இப்ப அந்தப் பையன் தாடி முளைக்கத் தைலம் தேச்சுக்கிட்டு இருக்கான்.

புருவத்துக்கு லேசரு வெக்கறேன்னு ஆராச்சும் சொன்னா எந்திரிச்சு வந்துரு. கண்ணுக்குள்ளயும் கருப்பு இருக்குதே, கண்ணு! அந்த வெளிச்சம் உள்ள போனா பாப்பா சுருங்கறது கெட்டுப் போகும், பொரை வரும். மூஞ்சிக்கு வெக்கறப்பவும் கண்ணுக்கு மூடி போடாம ஆரம்பிக்கக் கூடாது. வலிக்குதுன்னு மரப்பு மருந்தை அள்ளி அப்பிக்கறதும் வேண்டாம். அமெரிக்காவுல ரெண்டு சின்னப் பொண்ணுங்க, ஒருத்திக்கு 22, இன்னொருத்திக்கு 25, லேசருக்குப் போகறதுக்கு முந்தி காலு பூராவும் மரப்பு மருந்து பூசி, மேல பிளாஸ்டிக்கைச் சுத்திக்கிட்டாங்க. மருந்து ஒடம்புக்குள்ள ஏறி, வலிப்பு வந்து, கோமாவுல போயி செத்துப் போனாங்க. 2007ல எஃப்டிஏ அதைச் சொல்லியே எச்சரிச்சுது. முடிக்காக உசுரா?

மஞ்சளுக்கு மெருகு போடறதைப் பாத்திருக்கியா? வேக வெச்சுக் காய வெச்சதை இரும்பு டிரம்முல போட்டுச் சுத்துவோம். வேரும் தோலும் உதுந்து பளபளன்னு வரும். பளபளப்புக்கு மண்டியில வெலை ஏறும்னு சித்த அதிகமாச் சுத்தினா, கெழங்கே தேஞ்சு அடியில தூளாக் கெடக்கும். ரெண்டையும் எடை போட்டுப் பாத்தா நட்டம்தான். உன்ற கிளினிக்குக்காரன் "வெரசா முடிச்சுரலாம், பவரைக் கூட்டறேன்"னான்னு சொன்னியே, அப்ப எனக்கு அந்த டிரம்முதான் நெனப்பு வந்துச்சு.

போகத்தான் போறேன்னா இப்புடிப் போ. தோல் டாக்டரு இருக்கற எடமாப் போ. செவுத்துல சட்டம் போட்டு மாட்டியிருக்கற சர்டிபிகேட்டைப் படி. மூணு நாளு பயிற்சியில குடுத்ததும் சட்டத்துக்குள்ள அழகாத்தான் இருக்கும். சித்திரை வெயில்ல திரிஞ்சு கருத்த மூஞ்சியோட போகாதே, போயிட்டு வந்தும் வெயில்ல திரியாதே. நாலு வாரத்துக்கு முந்தியே நூலு, வேக்ஸ் எல்லாத்தையும் நிறுத்து. வேரைப் புடுங்கிட்டா லேசரு எதைச் சுடும்? மழிச்சுக்கிட்டுப் போனாப் போதும். வாயில முழுங்கற பருவு மாத்திரை ஏதாச்சும் இருந்தா மறைக்காமச் சொல்லு. வயித்துல புள்ளை இருந்தா தள்ளிப் போடு. மொதல்ல தாடைக்குக் கீழ ஒரு காசு அளவுக்கு வெச்சுப் பாக்கச் சொல்லு, சில நாளு பொறுத்திரு. முகூர்த்தத்துக்கு ஒரு வாரம் முந்தி எதையும் ஆரம்பிக்காதே.

ஊட்டுலயே வெச்சுக்கற கை மெசினு வாங்கலாமான்னு கேக்கறியா? அட்டைப்பெட்டிப் பின்னாடி தோலு நெறத்தை வரிசையாக் கட்டம் போட்டிருப்பான். கடைசிக் கட்டத்து மேல பெருக்கல் குறி இருக்குதான்னு பாரு. அந்தக் கட்டத்து நெறம் உன்ற கை நெறமா, உங்கப்பன் கை நெறமா?

என்ற காதுமுடிக்கும் லேசரு வெக்கலாமான்னு பேத்தி கிட்டக் கேட்டேன். "நரைச்ச முடியில கருப்பே இல்ல அப்பிச்சி, மெசினுக்கு உங்களைக் கண்ணே தெரியாது"ங்கறா. பாத்தியா, வயசானதுக்கு இப்படி ஒரு லாபம். சரி, நாளைக்கு நீ போறப்ப மேசைக்குப் பின்னால உக்காந்திருக்கற பொண்ணு கிட்ட மூணே கேள்வி கேளு: எந்த மெசினு? ஆரு வெப்பாங்க? பொசுங்கினா ஆரு பாப்பாங்க? அவ வாய்க்குள்ளயே எதையோ முணுமுணுத்துட்டு, "மேடம், இன்னிக்கே கட்டினா ரெண்டு சிட்டிங் ப்ரீ"ன்னு ஆரம்பிச்சான்னா, செருப்பை மாட்டிக்கிட்டு வெளிய வந்துரு. அந்தத் தெருமுக்குலயே ஒருத்தன் கம்மங்கூழு விக்கறான். மோர் மொளகாயோட நல்லா இருக்கும். எனக்கும் ஒரு சொம்பு வாங்கியா.