சோபாவுக்கு ஏற்ற ரோத்கோ

சோபா வந்து இறங்கிய பிறகுதான் நம்மவருக்குக் கலை தாகம் எடுக்கும். அதற்கு முன் எடுத்தால் எந்த நிறத்தில் எடுப்பது? சோபா மெரூன் என்று முடிவானதும் ஓவியர் மார்க் ரோத்கோவும் மெரூன் ஆகிவிடுகிறார். மெத்தை உறையைப் படமெடுத்து, நகல் வரைந்து தருபவருக்கு அனுப்புவார். அக்ரிலிக், ஆறடிக்கு நாலடி. பிறகு திருத்தங்கள் கிளம்பும். மேலே உள்ள ஆரஞ்சு கண்ணைக் குத்துகிறது, கொஞ்சம் இறக்குங்கள். கீழே உள்ள கறுப்பு வீட்டுக்கு ஆகாது, காப்பிப்பொடி நிறமாக்குங்கள். ஓரத்தில் திரைச்சீலையின் தங்க நிறம் லேசாகத் தெரிந்தால் தேவலை. அத்தனையும் முடிந்த பிறகு ரோத்கோவின் பங்காக மிஞ்சுவது இரண்டு செவ்வகங்கள். விருந்தாளி வந்தால் மட்டும் அது முழு ரோத்கோ!

மூலத்தை வாங்க எல்லோராலும் முடியுமா என்பார். முடியாதுதான். ரோத்கோவின் ‘ஆரஞ்சு, சிவப்பு, மஞ்சள்’ 2012இல் நியூயார்க் ஏலத்தில் 8.69 கோடி டாலருக்குப் போனது. நகல் வாங்கியதைக் குறை சொல்ல யாருக்கும் வாயில்லை. ஆனால், ‘வெறும் நிறம்தானே, யார் பூசினால் என்ன?’ என்று அடுத்து கேட்பாரே, அங்கேதான் இடிக்கிறது. முட்டை, பிசின், எண்ணெய் என்று கலந்து, நீர்க்க நீர்க்கப் பல அடுக்காகப் பூசியவர் ரோத்கோ; அடியிலுள்ள நிறம் மேலே கசிந்து வரும். நகலில் கனமாக இரண்டு பூச்சு, புதுச் சுவர் போல ஒரு மழமழப்பு. அக்ரிலிக்கின் மேல் பழியில்லை, கடைசிக் காலத்தில் ரோத்கோவே அதைத் தொட்டவர். அவசரத்தின் மேல்தான் பழி. ஆம்ஸ்டர்டாமில் 1986இல் ஒருவன் கத்தியால் கிழித்த பார்னெட் நியூமனின் சிவப்பு ஓவியத்தை, செப்பனிட வந்தவர் ரோலரால் பூசிக் கெடுத்துவிட்டார் என்று பெரிய ரகளையே நடந்தது. வெறும் சிவப்புக்குத்தான் அத்தனை ரகளை.

வீட்டை அழகுபடுத்துவது குற்றமா என்றும் கேட்பார். இல்லவே இல்லை. நிறம் பிடித்தது, மாட்டினேன் என்று சொல்லிவிட்டால் விவகாரமே இல்லை. அதைச் சொல்லத்தான் அவருக்கு வெட்கம். ஆகவே ஆன்மா, மௌனம், தியானம் என்று ஆரம்பித்துவிடுகிறார். 1958இல் நியூயார்க்கின் ஆடம்பர உணவகமொன்றுக்கு வரைய ஒப்புக்கொண்ட ரோத்கோ, அங்கே ஒருமுறை சாப்பிட்டுப் பார்த்த பிறகு பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அதற்காக வரைந்தவற்றில் 9 ஓவியங்கள் இன்று லண்டன் டேட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. சாப்பாட்டுக்குப் பின்னணியாக ஓவியம் தொங்குவதை அவர் எவ்வளவு வெறுத்தார் என்று பிஸ்கட் தட்டை நீட்டியபடியே நம்மவர் விளக்குவார். 18 அங்குலத் தூரத்தில் நின்று பார்க்க வேண்டும் என்று ரோத்கோ சொன்னாராம், அதையும் விடமாட்டார். நகலோ சோபாவுக்கு மேலே தொங்குகிறது. அவ்வளவு கிட்டே போக வேண்டுமென்றால் விருந்தாளி மெரூன் மெத்தையில் முழங்காலிட்டு ஏற வேண்டும்; உறை அழுக்காகும் என்று அதற்கும் விடமாட்டார். தள்ளியும் நிற்க முடியாது, கிட்டேயும் போக முடியாது, எழுந்து வீட்டுக்கும் போக முடியாது. ஓவியம் கிடக்கட்டும், பேச ஆரம்பிக்கும் முன் அந்தக் காப்பியையாவது கொடுத்துத் தொலைக்கலாம்.