கார்ப்போர்ச்சுச் சாயக்காரர்

"ரெண்டாயிரத்து ஐந்நூறு வெள்ளி" என்று, காருக்குச் சாயம் அடிக்கப் பட்டறை முதலாளி தவுக்கே விலை சொன்னதும் இவருக்குக் கோபம் வருவதில்லை. மெல்லச் சிரிப்பார். தம் பழைய புரோட்டோன் வீராவின் கூரையைத் தட்டிக்கொடுப்பார். "யோசிச்சிட்டு வரேன் தவுக்கே" என்று கிளம்புவார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததுமே வீட்டம்மாவுக்கு வயிற்றைக் கலக்கும். இனித் தீபாவளிவரைக்கும் கார்ப்போர்ச்சில் துணி காயப்போட முடியாது.

ஜொகூர் பாருவில், பெர்மாஸ் ஜெயாவின் எண் போட்ட ஜாலான் தெருக்களில், வரிசை வீடுகளுக்கு நடுவே, இவரைப் போன்றவர்களைத் தேடிக் கண்டுபிடிக்கச் சிரமப்பட வேண்டியதில்லை. பழைய நாளிதழ் ஒட்டிய கண்ணாடிகளோடு ஒரு கார் நிற்கும். 1993இல் வெளிவந்த வீராவாக இருக்கலாம். அடுத்த ஆண்டு வந்த கஞ்சில் காராகவும் இருக்கலாம். கூரையும் பானட்டும் தோல் உரிந்து வெளுத்திருக்கும். வருஷம் முழுக்க ஒரே மாதிரி அடிக்கிற வெயிலில், சாயத்தைக் காக்கிற மேல்பூச்சான கிளியர் கோட் செத்துப் போய்ச் செதில் செதிலாகக் கிளம்புகிறது. கூரையும் பானட்டும் வானத்தைப் பார்த்து மல்லாந்து கிடப்பவை. அதனால் அவைதான் முதலில் போகும். இது வயதான கார்களுக்கெல்லாம் வருவதுதான். ஆனால் இவர் அதைத் தமக்கு நேர்ந்த அவமானமாக எடுத்துக்கொள்வார்.

சிங்கப்பூர்க்காரர்கள் ஜொகூர் பாருவில் மலிவு என்று காஸ்வேயைத் தாண்டி வந்து காருக்குச் சாயம் அடித்துக்கொண்டு போகிறார்கள். காஸ்வேக்கு இந்தப் பக்கமே குடியிருக்கிற இவருக்கு அதே விலை பகல் கொள்ளை. எதிர்க்கரையில் செம்பவாங் கப்பல் பட்டறை. இந்தப் பக்கம் பாசிர் கூடாங்கில் இன்னொன்று. நீரிணையின் இரு கரையிலும் ராட்சசக் கப்பல்களுக்கே சாயம் ஏறும் ஊரில் பிறந்துவிட்டு ஒரு வீராவுக்கு அடிக்கத் தெரியாதா என்பது இவர் கேள்வி. ஒரு காலத்தில் கப்பல் பட்டறையில் ஆறு மாதம் இருந்தவர் வேறு. அங்கே ஸ்டோரில்தான் இருந்தார். ஆனாலும் சாயம் அங்கிருந்துதானே போனது!

கணக்குப் போடுவார். கணக்கில் இவரை மிஞ்ச ஆளில்லை. ஸ்ப்ரே டின் ஒன்று இத்தனை வெள்ளி, பத்து டின் போதும், பிரைமர் இரண்டு, உப்புத்தாள் ஒரு கட்டு. எல்லாம் சேர்த்தாலும் முந்நூற்றைத் தாண்டாது. 400 மில்லி டின் ஒன்று ஒன்றிரண்டு சதுர மீட்டருக்கு மேல் பிடிக்காது, அதுவும் ஒரு மெல்லிய பூச்சுக்குத்தான் என்பதை இந்தக் கணக்கு கண்டுகொள்ளாது. கூரையை முடிப்பதற்குள் நான்கு டின் காலி. ஹார்ட்வேர் கடைக்கு மறுபடி போவார். கடைக்காரப் பையன் இப்போதெல்லாம் இவரைக் கண்டதுமே அலமாரிப் பக்கம் நடக்கத் தொடங்கிவிடுகிறான்.

டின்னை எடுத்துக்கொண்டால் இவர் ஊர்ப்பற்றுக்காரர். சாமுராய் வாங்குவார், ஜொகூரில் வளர்ந்து 2017இல் சிங்கப்பூர்ப் பங்குச்சந்தை வரைக்கும் போன கம்பெனி அது என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். சரித்திரமும் தெரியும். அமெரிக்காவில் எட் சீமோர் என்பவர் 1949இல் ஸ்ப்ரே டின் சாயத்தைக் கண்டுபிடித்தாரே, யோசனை கொடுத்தது அவருடைய மனைவி என்பதைத் தம் மனைவியிடம் அழுத்திச் சொல்வார். "அந்தம்மா குளிர் காயற ரேடியேட்டருக்கு அலுமினியச் சாயம் அடிக்கத்தானேங்க சொன்னாங்க? கார அவங்க வீட்லயா நிறுத்தி வச்சாங்க?" என்று ஒரு நாள் பதில் வந்தது. அதற்குப் பிறகு சீமோர் பேச்சு குறைந்திருக்கிறது.

சாயம் அடிப்பது என்பது தொண்ணூறு சதம் தேய்ப்பது. தொழில் தெரிந்தவர்கள் எல்லாரும் சொல்வது இது. 400ஆம் நம்பர் உப்புத்தாளில் தொடங்கி, தண்ணீர் விட்டுத் தேய்த்து, புட்டி போட்டு, மறுபடி தேய்த்து, கிரீஸைத் துடைத்தெடுத்து, பிரைமர் அடித்து, அதையும் தேய்க்க வேண்டும். இவருக்குத் தேய்ப்பதில் நாட்டமில்லை. 'ஸ்ஸ்ஸ்' என்ற சத்தம் கேட்டால்தான் வேலை நடப்பதாக அர்த்தம். வலது முன்கதவைத் தேய்த்தார், உண்மை. இடது கதவுக்கு வரும்போது கை வலித்தது. "அதெல்லாம் சாயம் மூடிடும்லா." மூடாது. சாயத்துக்கு மறைக்கத் தெரியாது. அடியில் இருக்கிற கீறலைப் பளபளவென்று எடுத்துக்காட்டத்தான் தெரியும்.

பழைய இனாமல் பூச்சின்மேல் வீரியமான தின்னர் கலந்த லாக்கரை அடித்ததில் பின்கதவு சுருங்கித் தூக்கிக்கொண்டது. இவர் அதை 'டிசைன்' என்றார்.

அடுத்தது வானிலை. ஜொகூரின் ஈரக்காற்றில் வேகமாக ஆவியாகும் தின்னர் சாயத்தின் மேற்பரப்பைக் குளிரவைக்கும். காற்றிலுள்ள ஈரம் அதில் படிந்து, கறுப்புச் சாயம் பால் தெளித்தாற்போல் வெளுக்கும். தீபாவளியை ஒட்டி மாலை இடிமழை தவறாது. மழைக்குப் பயந்து இரவில் விளக்குப் போட்டு அடித்தால் ஈசல் வரும். ஒரு பூச்சுக்கு இருபது முப்பது ஈசல், இறக்கையோடு. டூ-கே எனப்படும் இருகலவைச் சாய டின்னின் அடிப்பித்தானை அழுத்தினால் உள்ளே கடினமாக்கி கலந்துவிடும். பிறகு குறித்த நேரத்துக்குள் அடித்து முடிக்க வேண்டும், மிச்சம் டின்னுக்குள்ளேயே இறுகிப்போகும். இவர் பித்தானை அழுத்திவிட்டு நிமிர்கிற நிமிஷத்தில்தான் முதல் தூறல் விழும்.

அரசு விடுமுறையும் இவருக்கு எதிராகப் போய்விட்டது. முன்பு ஜொகூரில் அரசு ஊழியர்களுக்கு வெள்ளி, சனி விடுமுறை. பக்கத்து வீட்டு மலாய் நண்பர் ஞாயிற்றுக்கிழமை காரை எடுத்துக்கொண்டு அலுவலகம் போய்விடுவார், இவருக்கு வசதி. 2025 ஜனவரி முதல் விடுமுறை சனி, ஞாயிறு ஆகிவிட்டது. இப்போது ஞாயிறு காலை அவரது கழுவித் துடைத்த வெள்ளை மைவி கார் வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கிறது. சாயப் புகைக்கு வேலி தெரியாது. "பாங், என் காருக்கும் சேர்த்தே அடிக்கிறீங்களா?" என்று மலாயில் கேட்ட அந்த மனிதரின் பொறுமைக்குத் தனியாகப் பட்டம் கொடுக்கலாம்.

நியாயமாகச் சொன்னால், வீட்டில் அடித்தால் கார் நன்றாக வராது என்பதில்லை. உலோக மினுக்கு இல்லாத ஒற்றை நிறம், மெல்லிய பூச்சுகள், ஒவ்வொன்றுக்கும் நடுவே காய்வதற்கு நேரம், கை ஓயும்வரை உப்புத்தாள் என்று போனால் ஸ்பாஞ்ச் ரோலரில்கூடப் பார்க்கும்படியான கார் வரும். அதற்கு வேண்டியது பொறுமை. முந்நூறு வெள்ளிக் கணக்கில் இவர் அதற்கு இடம் ஒதுக்கவில்லை. மொத்தம் எவ்வளவு ஆயிற்று என்று கேட்டால் மட்டும் இவருக்குக் காது கேட்காது. ரசீதுகள் மைலோ டப்பாவில் இருக்கின்றன. டப்பா மூடமாட்டேன் என்கிறது.

கார் இப்போது இரண்டு கறுப்பாக நிற்கிறது. "டூ டோன். இப்ப அதான் ஸ்டைல்." சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் பதிவில் அது இன்னும் வெள்ளி நிறம், நிறத்தை மாற்றினால் அங்கே தெரிவித்துப் பதிவைத் திருத்திக்கொள்ள வேண்டும். அதைத் தீபாவளி கழித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்.

இவரைப் பார்த்து உங்களுக்கும் கை அரித்தால் ஒரே வேண்டுகோள்: டூ-கே சாயத்தில் ஐசோசயனேட் இருக்கிறது, மூச்சுக்குழலைக் கெடுக்கும். வாயில் கைக்குட்டை கட்டிக்கொண்டு அடிக்காதீர்கள். அதற்கென்று உள்ள சுவாசக்கவசத்தை வாங்கி மாட்டுங்கள். பெர்மாஸ் ஜெயாவுக்குத் தீபாவளி விருந்துக்கு வருகிறவர்கள், காரை இரண்டு ஜாலான் தள்ளி நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள். இடது பின்கதவு இன்னும் பாக்கி.