விரல் நுனியில் மூன்று வினாடி

எண்பதுகளின் நடுவில் நம் ஊர் அரசு ஆஸ்பத்திரிகளில் ஹவுஸ் சர்ஜனாக இருந்தவர் யாராவது இதைப் படிக்க நேர்ந்தால், ‘சைடு லேப்’ என்று சொன்ன மாத்திரத்தில் அவர் மூக்கில் லீஷ்மன் சாயமும் ஸ்பிரிட் விளக்கும் சீடர்வுட் எண்ணெயும் ஒன்றாக மணக்கும். வார்டின் மூலையில், பழைய அலமாரிக்கும் கை கழுவும் தொட்டிக்கும் நடுவே ஒரு மேசை, ஒரு மைக்ராஸ்கோப், ஒரு டேபிள் லாம்ப், அவ்வளவுதான் லேப். ராத்திரி பதினொரு மணிக்கு உடம்பெல்லாம் தூக்கிப்போடுகிற குளிரோடு ஒருவர் வந்து படுத்தால், அவர் விரலில் குத்தியெடுத்த ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியில் இழுத்து, சாயம் ஊற்றி, காத்திருந்து, கழுவி, கேஸ் ஷீட் அட்டையால் விசிறிக் காயவைத்து, எண்ணெய் ஒரு துளி வைத்து, லென்ஸைத் தாழ்த்தி, சிவப்பணுக்களுக்கு நடுவே சின்ன நீல மோதிரமாக மலேரியா தென்படுகிற அந்த நொடி இருக்கிறதே, அதற்காகவே நான் தொற்றுநோய்ப் பக்கம் போனேன் என்று இப்போது தோன்றுகிறது. கூட டியூட்டி பார்க்கும் நண்பனை எழுப்பிக் காட்டாமல் இருக்க முடியாது. அவனும் திட்டிக்கொண்டே வந்து, பார்த்து, ‘ஆமாண்டா’ என்று சொல்லிவிட்டுத்தான் மறுபடி படுப்பான்.

இப்போது மலேரியாவுக்குக் கார்டு டெஸ்ட் இருக்கிறது, பிசிஆர் இருக்கிறது. நான் மாடியிலிருந்து இறங்கி வருவதற்குள் முடிவு செல்போனில் வந்து நிற்கிறது. நோயாளிக்கு இதுதான் நல்லது, அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனாலும் ரத்தம் கொடுத்தவரின் முகமும், அதில் ஒட்டுண்ணியைக் கண்ட கண்ணும் ஒரே அறையில் இருந்த காலம் அது. சாயம் பிடிக்கக் காத்திருக்கும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் அவர் எந்த ஊர், எங்கே வேலைக்குப் போனார், வீட்டில் வேறு யாருக்குக் காய்ச்சல் என்றெல்லாம் பேசித் தெரிந்துகொண்டோம். அந்தப் பத்து நிமிடம் போனபோது அந்தப் பேச்சும் கூடவே போய்விட்டது.

அன்றைக்கு ஐ.சி.யூ. என்று பெயர் எழுதிய அறையில்கூட மானிட்டர்கள் சொற்பம். என் சீஃப், குட்டையான, சத்தமாகப் பேசுகிற மனிதர், ரவுண்ட்ஸில் முதலில் நோயாளியின் போர்வையைக் காலடியில் விலக்கிப் பாதத்தைத் தொடுவார். பிறகு விரல் நுனியை அழுத்தி, வெளுத்த இடம் மறுபடி சிவக்க எத்தனை நேரம் ஆகிறது என்று வாய்விட்டு எண்ணுவார். மூன்றுக்கு மேல் போனால் முகம் மாறும். ‘மெஷின் இல்லேன்னு என்கிட்ட சொல்லாதே தம்பி, விரல் இருக்குல்ல?’ என்பார். ராத்திரி முழுக்க அரை மணிக்கொரு தரம் நாங்கள் அதையே செய்து, கட்டிலின் கால்மாட்டில் தொங்கும் பெரிய தாளில் நீல மையால் எழுதுவோம். விடியும்போது அந்தத் தாளைத் தள்ளி நின்று பார்த்தாலே, ராத்திரி எந்த இடத்தில் சரிந்தது, எந்த இடத்தில் மீண்டது என்று தெரியும். இன்று அதே எண்கள் எல்லாம் கணினியில் தாமாகவே ஏறிக்கொள்கின்றன, நிமிடத்துக்கு நிமிடம். அவற்றைப் பார்க்க எட்டுத் திரைகளைத் திறந்து மூட வேண்டியிருக்கிறது.

பழையதெல்லாம் பொன் என்று சொல்ல வரவில்லை. ரண ஜன்னி (டெட்டனஸ்) வார்டைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ஜன்னலை மூடி இருட்டாக்கிய அறையில், ஒரு கதவு அறைந்து சாத்தினால்கூட வில்லாக வளைந்துபோகிற உடம்புகள், தொப்புள்கொடி வழியாக நோய் புகுந்து பாலைச் சப்ப முடியாமல் தாடை இறுகிய சிசுக்கள். 2015ல் தாய்க்கும் சிசுவுக்கும் வரும் ரண ஜன்னி இந்தியாவில் ஒழிந்தது என்று அறிவிப்பு வந்த அன்று, அந்த அறையில் என்னோடு வேலை பார்த்த சிஸ்டர் ஒருவருக்குப் போன் போட்டேன். அவர் ஓய்வு பெற்றுப் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார். ‘அந்த ரூம்ல இப்ப என்ன டாக்டர் வெச்சிருக்காங்க?’ என்று கேட்டார். ஏதோ ஸ்டோர் என்றேன். ‘நல்லது’ என்றார்.

வென்டிலேட்டர் போதாத ராத்திரிகளில் ஆம்பு பேகை வீட்டார் கையில் கொடுத்துவிடுவோம். மகன், மருமகன், பெரியப்பா, பக்கத்து வீட்டுக்காரர் என்று முறை வைத்து, ‘ஒண்ணு, ரெண்டு, அமுக்கு’ என்று தமக்குள் எண்ணிக்கொண்டே விடியும்வரை அமுக்குவார்கள். அது நம் வறுமையின் கோலம் என்று அப்போது நினைத்துக் குமைந்திருக்கிறேன். பிற்பாடுதான் படித்தேன், தீவிர சிகிச்சை என்ற துறையே அப்படித்தான் பிறந்தது என்று. 1952ல் கோபன்ஹேகனை இளம்பிள்ளை வாதம் சூறையாடியபோது, மயக்கமருந்து நிபுணர் பியோன் இப்சன் சொன்னபடி தொண்டையில் துளையிட்டுக் குழாய் பொருத்தி, ஏறக்குறைய 1500 மருத்துவ மாணவர்கள் மாற்றி மாற்றி உட்கார்ந்து, வாரக்கணக்கில் கையாலேயே பையை அமுக்கிப் பிள்ளைகளை மூச்சுவிட வைத்தார்கள். நாங்கள் அமுக்கிய ஆம்பு பேகும் 1956ல் அதே டென்மார்க்கிலிருந்து வந்ததுதான்.

ஆராய்ச்சி என்ற ஆசை எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்களுக்கு நான் நூலகத்தைத்தான் சொல்வேன். ‘இண்டெக்ஸ் மெடிக்கஸ்’ தடித்தடியான தொகுதிகளாக அடுக்கியிருக்கும். ஒன்றைத் தூக்கி வைத்தால் மேசை முனகும். தேடிப்போன கட்டுரைக்குப் பக்கத்தில் தேடாத கட்டுரை ஒன்று கண்ணில் பட்டு, அதன் பின்னாலேயே ஒரு மாலை போய்விடும். நம் நூலகத்துக்கு வராத பத்திரிகை என்றால், எழுதியவருக்கே ஒரு கார்டு போடுவோம்: ஐயா, தங்கள் கட்டுரையின் பிரதி ஒன்று அனுப்ப முடியுமா? இரண்டு மாதம் கழித்து, மறந்தே போன பிறகு, ஆக்ஸ்ஃபோர்டிலிருந்தோ பால்டிமோரிலிருந்தோ ஒரு பழுப்பு உறை வந்து விடுதி மேசையில் கிடக்கும். சிலர் உள்ளே நாலு வரி கைப்பட எழுதியும் அனுப்புவார்கள். அந்தக் கட்டுரைகளை நான் படித்ததுபோல, இன்று ஒரே சொடுக்கில் இறங்கிக் குவியும் நூறு கட்டுரைகளில் ஒன்றையும் படிப்பதில்லை. உங்களுக்கும் அப்படித்தானே?

அந்த வயதில் எங்களுக்குப் பெரிய ஆராய்ச்சி எல்லாம் வெளிநாட்டில் நடப்பது. சீஃப்தான் ஒருநாள் கோபமாகக் கேட்டார், சேத்துப்பட்டு எங்கே இருக்கிறது, லண்டனிலா என்று. 1956ல் சென்னைச் சேத்துப்பட்டில் தொடங்கிய ஆய்வில்தான், காசநோயாளி சானடோரியத்தில் படுத்திருக்க வேண்டியதில்லை, நெரிசலான தன் வீட்டிலேயே இருந்து மருந்து சாப்பிட்டாலும் அதே அளவு குணமாகிறார் என்று நிரூபித்தார்கள். உலகம் முழுக்க சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு அது ஒரு முக்கியமான காரணம். நோயாளி வீட்டுக்கு நடந்துபோய்ப் பார்த்து எழுதிய ஆராய்ச்சி அது.

பிறகு எங்கள் பிரிவுக்கும் மெஷின்கள் வந்தன. அந்த வருடங்களின் பரவசத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஸ்வான்-கான்ஸ் குழாயை முதல்முறை கழுத்து நரம்பு வழியாக இறக்கி, அதன் நுனியிலிருக்கும் சின்ன பலூன் ரத்த ஓட்டத்தோடு மிதந்து இதயத்தைக் கடந்து நுரையீரல் தமனிக்குள் நுழைய, திரையில் அலை மாறியதைப் பார்த்து மெய்சிலிர்த்திருக்கிறேன். ஜெரமி ஸ்வான் கலிஃபோர்னியாவில் சான்டா மோனிகா கடற்கரையில் பாய்மரப் படகுகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது தோன்றிய யோசனை அது என்பார்கள், 1970ல் வெளிவந்தது. 2005ல் பிரிட்டனில் முறையாகச் சோதித்தபோது, அந்தக் குழாய் போட்டவர்கள் போடாதவர்களைவிட அதிகம் பிழைக்கவில்லை.

அப்படியே ஒவ்வொன்றாகக் கழன்றது. கிலோவுக்கு 12 மில்லி என்று நுரையீரலுக்குள் காற்றைத் தள்ளிக்கொண்டிருந்தோம். 2000ல் அமெரிக்காவில் 861 பேரிடம் நடந்த சோதனையில் அதைப் பாதியாக்கி 6 மில்லி கொடுத்தபோது, நூற்றுக்கு நாற்பது என்றிருந்த இறப்பு முப்பத்தொன்றாக இறங்கியது. சர்க்கரையை இறுக்கிப் பிடித்தால் உயிர் பிழைக்கும் என்று 2001ல் வந்த நம்பிக்கை, 2009ல் 6000க்கும் மேற்பட்டவர்களிடம் சோதித்தபோது தலைகீழானது. இறுக்கிப் பிடித்தவர்கள்தான் கூடுதலாக இறந்தார்கள். உகாண்டா, கென்யா, தான்சானியா நாடுகளில் கடும் காய்ச்சலோடு ரத்த ஓட்டம் குறைந்து வந்த 3000க்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்குச் சலைனை வேகமாக ஏற்றுவதா, மெதுவாகவா என்று கேட்ட 2011 ஆய்வில், வேகமாக ஏற்றிய பிள்ளைகள் அதிகம் இறந்தார்கள். கட்டுரையைப் படித்துவிட்டு வெகுநேரம் நான் எழுந்திருக்கவில்லை. நல்ல எண்ணத்தோடு, புத்தகம் சொன்னபடி ஏற்றிய சலைன் அது. கையில் கிடைத்ததையெல்லாம் செய்துவிட வேண்டும் என்ற துடிப்பு எங்கள் துறையின் ரத்தத்திலேயே இருந்தது. குறைவாகச் செய்யக் கற்றுக்கொடுத்தது இந்த ஆய்வுகள்தான். அதனால்தான் கட்டிலருகே இருந்த எங்களில் சிலர் ஆராய்ச்சிக்குள்ளும் போனோம்.

எங்கள் முதல் சோதனைகளுக்குக் கணினி கிடையாது. எந்த நோயாளிக்கு எந்த மருந்து என்பதை முடிவு செய்ய, வரிசை எண் போட்டு ஒட்டிய தடித்த காகித உறைகள் மேசை இழுப்பறையில் இருக்கும். நடுராத்திரி இரண்டு மணிக்கு வராண்டாவில் துண்டை விரித்துப் படுத்திருக்கும் தகப்பனை எழுப்பி, ‘ரெண்டு மருந்துல எது நல்லதுன்னு எங்களுக்கே தெரியலை, தெரிஞ்சுக்கத்தான் கேக்குறோம்’ என்று பொறுமையாகச் சொல்லி, அவர் கையெழுத்தோ கைரேகையோ வைத்த பிறகு உறையைக் கிழிக்க வேண்டும். ‘உங்களுக்கே தெரியலையா?’ என்று திகைப்பார்கள். பிறகு, என் அனுபவத்தில், பெரும்பாலோர் சம்மதித்தார்கள். தெரியாததைத் தெரியாது என்று சொன்ன டாக்டரை அவர்கள் நம்பினார்கள். இன்று இணையத்தில் ஒரு பொத்தானை அழுத்தினால் முடிவு வருகிறது, மோசடிக்கு வழியே இல்லை, நல்லதுதான். ஒப்புதல் படிவம்தான் இருபது பக்கமாகிவிட்டது, அதை வராண்டாவில் உட்கார்ந்து படித்துக்காட்ட யாருக்கும் நேரமில்லை.

2019ல் வந்தது எனக்குப் பிடித்த ஆய்வு. தென் அமெரிக்காவின் ஐந்து நாடுகளில், கிருமித் தொற்றால் ரத்த அழுத்தம் விழுந்த 424 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ரத்தத்தில் லாக்டேட் அளவைப் பார்த்துச் சிகிச்சை, மறு பாதிக்கு விரல் நுனியை அழுத்திப் பார்த்துச் சிகிச்சை. ஆட்காட்டி விரலின் நுனியில் மைக்ராஸ்கோப் கண்ணாடித் துண்டு ஒன்றை வைத்து வெளுக்கும்வரை அழுத்தி, பத்து வினாடி அப்படியே பிடித்திருந்து, விட்டதும் எண்ண வேண்டும். மூன்று வினாடிக்குள் நிறம் திரும்பினால் சரி. லாக்டேட் பார்த்த பக்கம் 43 சதவீதம் இறந்தார்கள், விரல் பார்த்த பக்கம் 35. புள்ளியியல் கோட்டை அந்த வித்தியாசம் மயிரிழையில் தொடவில்லை, அதனால் வென்றது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் காசு செலவில்லாத ஒரு விரல், லேப் பரிசோதனைக்குச் சமமாக நின்றது. என் சீஃப் அதைப் பார்க்க இல்லை.

கண்ணும் விரலும் போதுமான இன்னொரு நோய் நம் பக்கத்திலேயே இருக்கிறது. ஸ்க்ரப் டைஃபஸ்: புதரில் இருக்கும், கண்ணுக்கே அகப்படாத பூச்சியின் குஞ்சு கடித்து வருவது. இரண்டாம் உலகப்போரில் பர்மா முனையில் சிப்பாய்களைச் சாய்த்த நோய். நான் படித்தபோது அது பாடப்புத்தகத்தின் கடைசிப் பக்கம். பிறகு மழைக்காலம் முடிந்து குளிர் தொடங்கும் மாதங்களில் வேலூர்ப் பக்கமிருந்தெல்லாம் வரிசையாக வரத் தொடங்கினார்கள், மூச்சுத்திணறலோடு, மஞ்சள் கண்ணோடு, விலை உயர்ந்த ஊசிகள் எதற்கும் அடங்காத காய்ச்சலோடு. கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோல ஒரு கறுத்த பொருக்கு இருக்கும். வலிக்காது, அரிக்காது, நோயாளிக்கே தெரியாது. அக்குள், தொடையிடுக்கு, மார்பின் அடிமடிப்பு, இடுப்பில் பாவாடை நாடா இறுகும் இடம் என்று, திரை போட்டு, பெண் சிஸ்டரை அருகில் வைத்துக்கொண்டு, கூச்சப்படாதீங்கம்மா என்று சொல்லி விளக்கைப் பிடித்துத் தேட வேண்டும். கண்டுபிடித்துவிட்டால் டாக்ஸிசைக்ளின் என்ற மலிவு மருந்தில் இரண்டொரு நாளில் காய்ச்சல் பெரும்பாலும் இறங்கிவிடும். தீவிரமாகிவிட்டவர்களுக்கு என்ன கொடுப்பது என்ற கேள்விக்கு, வேலூர் சி.எம்.சி. முன்னின்று இந்திய மருத்துவமனைகளில் நடத்திய ஆய்வு 2023ல் பதில் சொன்னது: டாக்ஸிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் நரம்பு வழியாகச் சேர்த்துக் கொடுத்தால், இறப்பு, தீராத சிக்கல், விடாத காய்ச்சல் எல்லாம் சேர்த்த கணக்கு 33 சதவீதம், ஒன்றை மட்டும் கொடுத்தால் 47, 48. இறப்பை மட்டும் தனியே எடுத்தால் வித்தியாசம் தெரியவில்லை. இரண்டுமே பழைய மருந்துகள். அந்தக் கட்டுரையை அச்செடுத்து எங்கள் டியூட்டி அறையில் ஒட்டிவைத்தேன். இளைய டாக்டர்கள் சிரித்தார்கள், சார், லிங்க் அனுப்பினால் போதுமே என்று.

கோவிட் காலத்தை எல்லோரும் நிறைய எழுதிவிட்டார்கள். எனக்கு அதில் ஒன்றுதான் ஆறவில்லை: வீட்டாரை வெளியே நிறுத்தினோம். விடிய விடிய ஆம்பு பேக் அமுக்கிய பெரியப்பாக்கள் இருந்த ஊரில், மனைவியின் முகத்தை ஒரு செல்போன் திரையில், பிளாஸ்டிக் உறைக்குள்ளிருந்து, யாரோ ஒரு சிஸ்டர் காட்டினால்தான் உண்டு என்றாகிவிட்டது. அப்போது அது அவசியமாக இருந்தது. அலை ஓய்ந்த பிறகும் கதவு பழையபடி திறக்கவில்லை என்பதுதான் என் குறை.

இப்போது எங்கள் பிரிவில் மாலையில் சிறிது நேரம் வீட்டார் ஒருவரை உள்ளே உட்கார விடுகிறோம். போன வாரம் ஒரு பாட்டி, வென்டிலேட்டரில் இருக்கும் தாத்தாவைக் காட்டி, ‘இவருக்குக் காது கேக்குமா தம்பி?’ என்றார். கேக்கும்மா, பேசுங்க என்றேன். போர்வெல் மோட்டார் சரியாகிவிட்டது என்பதில் தொடங்கி, யார் யார் விசாரித்தார்கள் என்பதுவரை சொன்னார். வீட்டாரை நாள் முழுக்க விடலாமே என்று நிர்வாகத்துக்கு எழுதியிருக்கிறேன். தொற்று பரவும் என்கிறார்கள். 2019லேயே பிரேசிலில் 36 ஐ.சி.யூ.க்களில் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம்வரை வீட்டாரை உள்ளே விட்டுப் பார்த்திருக்கிறார்கள். தொற்று கூடவில்லை, வீட்டாரின் பதற்றம்தான் குறைந்தது. அந்தக் கட்டுரையையும் இணைத்து மறுபடி எழுதப்போகிறேன்.