மோசல் கரையில் சும்மா உட்கார்ந்திருத்தல்: ஓர் ஆய்வு

ஜெர்மனியின் மோசல் பள்ளத்தாக்கில் விடுமுறையைக் கழிப்போர் உட்காரும் முறை இதுகாறும் தனித்து ஆராயப்படவில்லை. அக்குறையைப் போக்குவதே இவ்வாய்வின் நோக்கம். ஆய்வு எல்லை ட்ரியர் முதல் கோப்லென்ஸ் வரை. நேர்க்கோட்டில் 100 கிலோமீட்டருக்குள் அடங்கும் இத்தொலைவை ஆறு ஏறத்தாழ 190 கிலோமீட்டர் வளைந்து கடக்கிறது. எல்லர், கோஹெம் ஆகிய ஊர்களுக்கிடையே ரயில் 4.2 கிலோமீட்டர் சுரங்கத்தில் போய்விடும். ஆறோ 20 கிலோமீட்டர் சுற்றும். ஆய்வேட்டுக்கு முன்னுரை எழுதும் கலையை நம்மவர் இங்கிருந்தே கற்றிருக்க வேண்டும் எனத் துணியலாம்.

விடுமுறை மூவகைப்படும்: மிதத்தல், ஏறுதல், உட்காருதல்.

மிதத்தலாவது படகில் போவது. வேறொன்றுமில்லை.

ஏறுதல் பிரெம் ஊரின் கால்மோன்ட் சரிவில் நிகழ்வது. சாய்வு 65 பாகை வரை. ஸ்லேட் பாறை பகலில் வாங்கிய வெப்பத்தை இரவில் கொடிக்குத் திருப்பித் தருவதால் ரீஸ்லிங் திராட்சை அங்கே நன்கு பழுக்கிறது. அறுவடைக்காரர் ஏறுவது பிழைப்புக்காக. ஏணியையும் இரும்புக் கயிற்றையும் பிடித்துக்கொண்டு விரும்பியே ஏறுகிறவர்களும் உளர். அவர்தம் மனநிலை வேறு துறைக்குரியது.

உட்காருதலே தலையாயது. அதன் களம் ஸ்ட்ராவுஸ்விர்ட்ஷாஃப்ட்: திராட்சைத் தோட்டக்காரரே வாசலில் தழைக்கொத்தைக் கட்டித் தொங்கவிட்டுத் தம் வைனை விற்கும் பருவக்கடை. சட்டப்படி ஆண்டுக்கு 4 மாதம், 40 இருக்கை, அதற்குமேல் கூடாது. அறிஞர் உலகம் கவனிக்கத் தவறிய 'நாற்பத்தொன்றாமவர் சிக்கல்' இங்கேதான் பிறக்கிறது. தாத்தா மடியிலுள்ள பேரன் தனி ஆளா, தாத்தாவின் உறுப்பா? கவிழ்த்த பழக்கூடை இருக்கையாகுமா? கைகழுவ எழுந்தவர் இருக்கையைத் துறந்தவரா? துண்டு போட்டிருந்தால் உரிமை நீடிக்கும் என்பர் துண்டுவாதிகள் (காண்க: பேருந்துச் சன்னல், பல தடங்கள்). எழுந்தால் போயிற்று என்பர் மற்றொரு சாரார் (வாய்மொழி, மூன்றாம் கோப்பைக்குப் பின்). இரண்டும் சரியே என்பது நடுநிலைக் கொள்கை (அதே சான்றாளர், ஐந்தாம் கோப்பைக்குப் பின், ஆறாவதில் அவரே இரண்டையும் மறுத்தார், ஏழாவது தெளிவாகக் கேட்கவில்லை).

இவ்விடத்தில் பெர்ன்காஸ்டல் ஊரைக் குறிப்பிடாவிட்டால் புறத்தேர்வாளர் கோபிப்பார். அங்கே 'டாக்டர்' என்றே பெயர்கொண்ட திராட்சைத் தோட்டம் உண்டு. 14ஆம் நூற்றாண்டில் பேராயர் போமுண்ட் நோயுற்றபோது அதன் வைன் குணப்படுத்தியதாம். மகிழ்ந்து பட்டம் வழங்கினாராம். ஆய்வேடு இல்லை, வாய்மொழித் தேர்வு இல்லை. ஆயினும் பட்டத்துக்குப் பின்னும் விளைச்சல் நிற்கவில்லை. நம் துறையோடு ஒப்பிடுக.

நாற்பத்தொன்றாமவர் சிக்கலைத் தீர்க்க வேண்டி, கடைக்கார அம்மாளையே அணுகினோம் (நேர்காணல், சமையலறை வாசல், சான்றாளர் கையில் வெங்காய அடைத் தட்டு). அவர் ஒரு கோப்பை ரீஸ்லிங்கை நீட்டி, வெளியே ஆற்றோரச் சுவரைக் காட்டிவிட்டு உள்ளே போனார். சுவர் இருக்கையாகுமா என ஆராயும்பொருட்டு ஆய்வாளர் மாலைவரை அதன்மேல் உட்கார்ந்திருந்தார். கால நீட்டிப்புக் கோரி விண்ணப்பிக்கப்பட்டுள்ளது.