வாசலிலேயே 400

சர்வருக்கு வரும் கோரிக்கைகளை வாசலில் நிறுத்திச் சோதிக்கும் ஏபிஐ கேட்வேயின் கண்டிப்பைப் பாராட்டாமல் இருக்க முடியவில்லை. வந்த ஜேசன் (JSON) தரவில் கடைசியாக ஒரு கமா மிஞ்சினாலும் போதும், உள்ளே சர்வரின் தூக்கம் கலையாமல் ‘400, தவறான கோரிக்கை’ என்று வாசலிலேயே திருப்பிவிடும். எது தவறு என்று சொல்லாமல் விட்டால் இன்னும் நாகரிகம்.

இலங்கையின் இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களுக்கும் இந்தக் கண்டிப்பை நீட்டலாம். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு இலக்கம் இல்லையா? விலாசக் கட்டம் காலி. 400. மண்சரிவு என்று தகவலா? அடைப்புக்குறி சரியானபின் மலை சரியட்டும், அவசரமில்லை.

வாசலிலேயே திருப்பும் இந்தக் கலையை அமெரிக்கக் கண்டுபிடிப்பு என்பவர்கள் நம்மவர்களின் பெருமையை மறைக்கிறார்கள். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், ‘தகப்பன் அல்லது பாட்டன், பூட்டன் பிறந்த இடம்’ என்ற கட்டத்தைப் பார்த்து, மலையகத் தமிழர் சுமார் 7 லட்சம் பேரைக் குடியுரிமை இல்லாமல் திருப்பிவிட்டது. கம்ப்யூட்டரே இல்லாமல்.