நடனம் போன கிரிவலம்

வேங்கிக்கால்காரர்களுக்கு மேடை புதிதில்லை. திருவண்ணாமலை மாவட்டத்துக்கே கலெக்டர் ஆபீஸ் எங்கள் பக்கம் இருப்பதால், விழா என்றால் ஷாமியானாவும் பிளாஸ்டிக் நாற்காலியும் தானாக வந்து இறங்கிவிடும். கலை நிகழ்ச்சிக்கும் மாறாத ஒரு வரிசை உண்டு. முதலில் பரதநாட்டியம். தொகுப்பாளர் மைக்கைப் பிடித்து, "ஈராயிரம் ஆண்டுப் பாரம்பரியம்" என்பார். அப்புறம் கரகம். கடைசியில் நாலு காலேஜ் பிள்ளைகள் கறுப்பு பனியனில் வந்து, கொஞ்சம் அடவு போட்டு, கொஞ்சம் தரையில் உருண்டு, "கான்டெம்பரரி" ஆடுவார்கள். அப்போதுதான் முன்வரிசைப் பெரியவர் பக்கத்து நாற்காலிக்காரரிடம் கேட்பார்: "இதெல்லாம் நம்ம கலாச்சாரமாங்க?"

ஐயா, மன்னிக்கணும். அந்த முதல் அயிட்டத்தின் பிறப்புச் சான்றிதழைக் கொஞ்சம் வாங்கிப் பார்த்துவிடுவோம்.

பழசு இல்லை என்று யாரும் சொல்லவில்லை. மாதவி 5 வயதில் ஆரம்பித்து 7 வருஷம் பயின்று, 12 வயதில் அரங்கேறி, 1008 கழஞ்சு பொன் வாங்கினாள் என்று சிலப்பதிகாரம் கணக்கோடு சொல்கிறது. இன்றைக்கு அரங்கேற்றம் என்றால் பொன் போகிற திசை வேறு. அதை அப்பாக்கள் அறிவார்கள். ராஜராஜன் தஞ்சைப் பெரிய கோயிலில் 400 தளிச்சேரிப் பெண்டுகளைக் குடியமர்த்தி, ஆளுக்கு ஒரு வீடும் வருஷத்துக்கு 100 கலம் நெல்லும் எழுதி வைத்தான். கல்வெட்டில் பெயர் இருக்கிறது, ஊர் இருக்கிறது, நெல் இருக்கிறது. என்ன அடவு ஆடினார்கள் என்பதை மட்டும் விட்டுவிட்டார்கள். ஆடிட்டருக்கு அது தேவைப்படவில்லை போலிருக்கிறது.

எங்கள் ஊர்ப் புராணத்திலும் ஆடல் மகளிர் உண்டு, அதுவும் ஹவுஸ்ஃபுல்லாக. பிள்ளையில்லாத வல்லாள மகாராஜாவைச் சோதிக்க அண்ணாமலையார் சிவனடியார் வேஷத்தில் வந்து, ராத்திரிக்கு ஒரு தாசி வேண்டும் என்று கேட்டாராம். ராஜா ஆளனுப்பினால் ஊரில் ஒருத்தரும் காலியில்லை. ஏற்கெனவே சிவகணங்கள் மாறுவேஷத்தில் போய் எல்லோரையும் பேசி முடித்திருந்தார்கள். கடைசியில் சின்ன ராணியே போக, சாமி குழந்தையாக மாறி மகனாகிவிட்டார். இன்றுவரை மாசி மாதத்தில் வல்லாளனுக்குத் திதி கொடுக்கிறவர் அண்ணாமலையார்தான். முன்பதிவு செய்து ஊரையே காலியாக்கும் வழக்கத்தை எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது பௌர்ணமிக் கூட்டம் அல்ல, சிவகணங்கள் என்பதைப் பதிவு செய்கிறேன்.

நாம் இன்று பார்க்கிற கச்சேரி வரிசை, அதாவது அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா, வந்தது எப்போது? 19ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில். சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற நான்கு அண்ணன் தம்பிகள் தஞ்சை சரபோஜி அரண்மனையில் உட்கார்ந்து ஒழுங்குபடுத்தியது. அதே வடிவேலு வெள்ளைக்காரன் வயலினை எடுத்து வாசித்து, திருவிதாங்கூர் மகாராஜா சுவாதித் திருநாளிடம் தந்தத்தால் செய்த வயலினைப் பரிசு வாங்கினார். அன்றைய முன்வரிசைப் பெரியவர் என்ன சொல்லியிருப்பார் என்று கல்வெட்டு இல்லை. ஊகிக்கலாம்.

இனிமேல்தான் கதை சூடு பிடிக்கிறது, ஏனென்றால் நடனம் கிரிவலம் கிளம்புகிறது. எங்கள் மலையைச் சுற்றும் 14 கிலோமீட்டர் இல்லை. கொஞ்சம் சுற்று.

1838. கடலூர் பக்கம் திருவந்திபுரம், தேவநாதப் பெருமாள் கோயில் ஊர். தார்திவெல் என்ற பிரெஞ்சு ஏற்பாட்டாளர் அங்கிருந்து ஒரு கோஷ்டியைப் பேசிக் கப்பலேற்றினார். மூத்தவர் தில்லம்மாள். பிறகு 18 வயது அம்மணி, ரங்கம், சுந்தரம், கடைக்குட்டியாக 6 வயது வேதம். பக்கவாத்தியத்துக்கு மூன்று ஆண்கள். பாண்டிச்சேரியில் ஒப்பந்தம், போர்தோ துறைமுகத்தில் இறக்கம், பாரிசில் ராஜா லூயி பிலிப் முன்னால் ஆட்டம், அப்புறம் வாரியெத்தே தியேட்டரில் டிக்கெட் போட்டு ஷோ. தேவனாம்பட்டினத்துக் கடலைத் தாண்டி யோசிக்காத ஒரு சின்னமேளக் கோஷ்டி, நேராக ஐரோப்பா டூர்!

இதில் ஒரு சிக்கல். பாரிஸ்காரர்கள் ஏற்கெனவே "பயதேர்" பார்த்தவர்கள். கோயில் நர்த்தகி என்று அவர்கள் மனசில் இருந்த உருவத்துக்கு அதுதான் பேர். 1830லேயே ஓபெர் என்பவரின் ஓபராவில் மரி தாலியோனி என்ற பாலே நட்சத்திரம் அந்த வேஷம் கட்டி ஆடி, ஊரே கிறங்கியிருந்தது. அசல் வருவதற்கு 8 வருஷம் முன்பே நகல் ஓடிக்கொண்டிருந்தது. நகலைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அசல் இடறியது. தாலியோனி கால்நுனியில் நின்று, தரை தன் மேல் பட்டுவிடக் கூடாது என்பதுபோல மிதப்பார். நம் அம்மணியோ முழங்காலை மடக்கி அரைமண்டியில் உட்கார்ந்து, பூமிக்குக் கேட்கட்டும் என்று தட்டுவார். மெல்லிய வெள்ளை மஸ்லின் எங்கே? இறக்கை எங்கே? இந்தியப் பெண்கள் போதுமான அளவு இந்தியத்தனமாக இல்லையே என்று சிலருக்கு வருத்தம். அடையாளத்தைப் பற்றி இன்று கருத்தரங்கு நடத்துகிறவர்கள் இந்த இடத்தில் ஒரு நிமிஷம் சிரித்துவிட்டுப் போகலாம்.

தியோஃபில் கோத்தியே என்ற எழுத்தாளர் மட்டும் மயங்கியே விட்டார். அம்மணியைப் பார்த்துவிட்டு வந்து பத்திரிகையில் பத்தி பத்தியாக உருகினார். ழான் ஓகுஸ்த் பார் என்ற சிற்பி அம்மணியை வெண்கலத்தில் வடித்தார். கோஷ்டி லண்டன் அடெல்ஃபி தியேட்டர் போனது, இன்னும் சில தலைநகரங்கள் போனது. பார்த்த கண்களில் எத்தனை ஆட்டத்தைப் பார்த்தன, எத்தனை மூக்குத்தியை மட்டும் பார்த்தன என்பது தெரியாது. அம்மணிக்குத் தன் சிலையைப் பற்றி என்ன தோன்றியது என்று கேட்டு எழுதி வைக்க, அத்தனை பத்தி எழுதிய ஊரில் யாருக்கும் தோன்றவில்லை.

கோத்தியே சும்மா இருக்கவில்லை. 1858ல் சகுந்தலை கதையை பாலேவாக எழுதினார். நடனம் அமைத்தவர் லூசியன் பெத்திபா. அவருடைய தம்பி மாரியுஸ் பெத்திபா ரஷ்யாவில் பெரிய ஆள். 1877ல் அவர் பீட்டர்ஸ்பர்கில் "லா பயதேர்" போட்டார். கதைக்களம் இந்தியா. கோயில் நர்த்தகி பெயர் நிகியா, காதலன் சோலோர், போட்டிக்காரி கம்சாத்தி. எங்கள் மாவட்ட வாக்காளர் பட்டியல் முழுக்கத் தேடினாலும் இப்படி ஒரு பெயர் கிடைக்காது. பூக்கூடைக்குள் பாம்பு வைத்து நிகியாவைக் கொல்கிறார்கள். இந்தியா என்றால் பாம்பு வந்தாக வேண்டுமே. அந்த நிகியா வேஷம் கட்டிப் பேர் வாங்கியவர்களில் ஒருவர் அன்னா பாவ்லோவா.

பாவ்லோவா 1920களில் உலகம் சுற்றும்போது இந்தியா வந்தார். லண்டனில் ஓவியம் படித்துக்கொண்டிருந்த உதய் சங்கரைப் பிடித்துக் கிருஷ்ணனாக ஆட வைத்தார். மதுரையில் பிறந்த ருக்மிணி தேவிக்கும் கப்பல் பயணத்தில் நெருக்கமானார். ருக்மிணி கேட்டது பாலே. பாவ்லோவா தன் குழுவின் கிளியோ நோர்தியைச் சொல்லிக்கொடுக்க வைத்தார், கூடவே ஒரு யோசனையும் சொன்னார்: உன் நாட்டு நடனத்தைப் போய்ப் பாரேன். ஆக, திருவந்திபுரத்தில் கிளம்பிய சமாசாரம் பாரிஸ், பீட்டர்ஸ்பர்க் எல்லாம் வலம் வந்து, ரஷ்யக்காரி வாய்வழியாக, ருக்மிணி இருந்த சென்னை அடையாறுக்கு வந்து சேர்ந்தது. மலையை வலப்பக்கம் வைத்துச் சுற்றினார்களா என்று கேட்காதீர்கள்.

ஊரில் அப்போது நிலைமை வேறு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டு வழக்கத்தையே ஒழிக்கப் போராடுகிறார். அவரை எதிர்த்துப் பத்திரிகையில் கடிதச் சண்டை போட்டவர் இ. கிருஷ்ண ஐயர், வக்கீல். கலை பிழைக்க வேண்டும் என்பதற்காகத் தானே புடவை கட்டிச் சதங்கை கட்டி மேடையேறினார். கோர்ட்டில் கறுப்புக் கவுன், ராத்திரியில் பட்டுப்புடவை. எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதில் அதிர்ச்சி இல்லை. கார்த்திகை தீபத்தன்று மலையில் ஜோதி ஏற்றுவதற்குச் சற்று முன், பாதி ஆணும் பாதி பெண்ணுமாக அர்த்தநாரீஸ்வரர் தூக்கிகளின் தோளில் ஆடியபடி வெளியே வந்து, சில நிமிஷத்தில் உள்ளே போய்விடுவார். வருஷத்துக்கு ஒரே ஷோ, மறு ஒளிபரப்பு இல்லை.

ஆட்டத்துக்கு இருந்த சதிர், சின்னமேளம் என்ற பெயர்கள் 1930களில் உள்ளே போக, பரதநாட்டியம் என்ற பெயர் வெளியே வந்தது. பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பயின்ற ருக்மிணி தேவி, 1935 டிசம்பர் 30 அன்று தியாசபிகல் சொசைட்டி வைர விழாவில் ஆடினார். ஆடுகிறவள் பின்னாலேயே நின்று நகர்ந்து வாசித்துக்கொண்டிருந்த நட்டுவனாரும் மிருதங்கமும் மேடை ஓரம் உட்காரப் போனார்கள். நடராஜர் மேடைக்கு வந்தார். உடையைப் புதிதாக வடிவமைக்க சொசைட்டியில் இருந்த இத்தாலியப் பெண்மணி ஒருவர் கைகொடுத்தார். "ஈராயிரம் ஆண்டு" என்று தொகுப்பாளர் சொல்லும்போது நாம் பார்க்கிற அந்த விசிறி மடிப்பின் வயசு நூறுகூட ஆகவில்லை. இது குறை இல்லை. ருக்மிணி தேவி அன்று செய்தது அசல் கான்டெம்பரரி. முன்வரிசைகள் அன்றும் முணுமுணுத்தன.

சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. 1947ல் சட்டம் வந்தது. பொட்டுக்கட்டு போக வேண்டியதுதான். அதோடு, தலைமுறை தலைமுறையாக ஆட்டத்தைக் கையில் வைத்திருந்த பெண்கள் மேடையிலிருந்தும் போனார்கள். பாலசரஸ்வதி மாதிரி ஒரு சிலர்தான் நின்று, சிருங்காரத்தைக் கழுவித் துடைக்காதீர்கள் என்று வாதாடினார்கள். கலை கௌரவமானது, கலைஞர்கள் முகவரி இல்லாமல் போனார்கள். இந்தக் கணக்கு எந்த மேடையிலும் வாசிக்கப்படுவதில்லை.

அடுத்த சுற்றை ஆரம்பித்தவர் சந்திரலேகா. காஞ்சிபுரம் எல்லப்ப பிள்ளையின் மாணவி. 1952ல் அவர் அரங்கேற்றம் ராயலசீமா வறட்சி நிவாரண நிதிக்காக நடந்தது. மேடையில் யமுனையில் கோபியர் தண்ணீர் வாரி இறைத்து விளையாடுகிற அபிநயம். ஆடிக்கொண்டிருக்கும்போதே அவருக்கு உறைத்தது: தண்ணீர் இல்லாத ஊருக்கு வசூல் செய்ய, நான் தண்ணீரை வாரி இறைக்கிறேனே! பிறகு பல வருஷம் மேடை பக்கம் தலைவைக்காமல் எழுத்து, போஸ்டர், பெண்கள் இயக்கம் என்று போனார். 1985ல் "அங்கிகா"வோடு திரும்பி வந்தார். களரிப்பயிற்றும் அடவும் பக்கம் பக்கமாக, நெற்றிச்சுட்டி, நகை, சாமி கதை எதுவும் இல்லை, உடம்பு மட்டும். நரைத்த தலையும் பெரிய பொட்டுமாக அவர் உட்கார்ந்திருக்க, சென்னை சபாக்களுக்கு வியர்த்தது. கெட்டுப்போயிற்று என்றார்கள். ருக்மிணி தேவிக்குச் சொன்ன அதே வசனம், ஆள் மட்டும் வேறு.

2022ல் பாரிசிலிருந்து உஷா ஜெய் என்ற தமிழ்ப்பெண் புடவை கட்டி, ஹிப்ஹாப் பாட்டுக்கு அடவு போட்ட வீடியோ உலகம் முழுக்க ஓடியது. அம்மணி ஆடிய அதே பாரிஸ். இந்த முறை ஏற்பாட்டாளர் யாரும் தேவைப்படவில்லை, கேமரா ஆடியவர் கையிலேயே இருந்தது. அவ்வளவு தூரம் போவானேன்? எங்கள் மாவட்டத்துச் செய்யாறு பக்கத்துப் புரிசையில், கண்ணப்பத் தம்பிரான் பரம்பரை தெருக்கூத்தில் எழுத்தாளர் மார்க்வெஸின் கதையையே ஆடிக் காட்டியிருக்கிறது. கொலம்பியாவின் சிறகு முளைத்த கிழவர் கட்டியங்காரன் ஊருக்கு வந்து இறங்கினார். கூத்து பார்த்தவர்கள் யாரும் மயங்கி விழவில்லை.

கடைசியாக வாசகருக்கு ஒரு வேண்டுகோள். அண்ணாமலையார் கோயில் கிழக்கு ராஜகோபுரம், கிருஷ்ணதேவராயர் ஆரம்பித்து செவ்வப்ப நாயக்கர் முடித்தது, 11 நிலை, 217 அடி. எல்லோரும் உயரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு உள்ளே ஓடிவிடுகிறோம். அந்த வாசல் வழியின் சுவர்களில் நாட்டிய சாஸ்திரக் கரணங்களைச் சிற்பமாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். கரணங்கள் என்றால் காலைத் தலைக்கு மேல் தூக்குவதும் முதுகை வில்லாக வளைப்பதும் எல்லாம் சேர்ந்ததுதான். கறுப்பு பனியன் பிள்ளைகள் அவற்றில் பாதி செய்தால்கூட விழா கமிட்டி மைக்கை ஆஃப் செய்துவிடும். போய் நின்று பாருங்கள். பௌர்ணமியன்று மட்டும் வேண்டாம், பின்னால் வருகிறவர்கள் நிற்க விடமாட்டார்கள்.