கிண்டியில் கர்ஜித்த சிங்கம்

எட்டுக்கு மூன்று. அதுவும் சிவப்பு மையில் வட்டம் போட்டு, பக்கத்தில் ‘தலைப்புகள் இல்லை, கருத்து போதாது’ என்று ஒரு குறிப்போடு. நேற்று சாயங்காலம் மகள் கட்டுரை நோட்டைக் கொண்டுவந்து நீட்டியதிலிருந்து எனக்கு எதுவும் ருசிக்கவில்லை. மார்க் போனதற்காக இல்லை. ஒன்பதாம் வகுப்புக் கட்டுரை மார்க்கை அத்தையைத் தவிர யார் கேட்கப்போகிறார்கள்? விஷயம் வேறு. தலைப்பு ‘நான் சென்று வந்த சுற்றுலா’.

நாங்கள் இருப்பது கிண்டியில், ஃபைவ் ஃபர்லாங் ரோட்டுப் பக்கம். போன ஞாயிற்றுக்கிழமைதான் குடும்பத்தோடு சிறுவர் பூங்காவுக்கு நிஜமாகவே போய்வந்தோம். பெண் அதை அப்படியே எழுதிவிட்டாள். டிக்கெட் கவுன்டரில் தம்பியின் வயதைக் குறைத்துச் சொல்லலாமா என்று அப்பா யோசித்தது, ஒரு குரங்கு சிப்ஸ் பாக்கெட்டைப் பிடுங்கிக்கொண்டு மரத்தில் ஏறி எங்களைப் பார்த்துக்கொண்டே தின்றது, தம்பி சிப்ஸுக்காக அழுகிறானா குரங்குக்குப் பயந்து அழுகிறானா என்று புரியாமல் அம்மா இரண்டுக்கும் சேர்த்து அவனை அதட்டியது, எல்லாம் இருந்தது. அதற்குத்தான் மூன்று.

பக்கத்து பெஞ்சுத் தோழிக்கு ஏழரை. அவளும் கிண்டிக்குத்தான் போயிருக்கிறாள், நோட்ஸ் வழியாக. போன நாள் செவ்வாய்க்கிழமை. சிறுவர் பூங்காவுக்கும் பாம்புப் பண்ணைக்கும் செவ்வாய்தான் வார விடுமுறை. பூட்டிய கேட்டுக்கு உள்ளே மான்கள் துள்ளி ஓடியிருக்கின்றன, மயில்கள் தோகை விரித்து ஆடியிருக்கின்றன, சிங்கம் கர்ஜித்திருக்கிறது. சிங்கம்! கிண்டியில்! சென்னையில் சிங்கம் பார்க்க வேண்டுமென்றால் வண்டலூருக்குப் போகவேண்டும். 1855இல் ஆரம்பித்த மிருகக்காட்சி சாலை, மூர் மார்க்கெட் பக்கம் நூறு வருஷத்துக்கு மேல் இருந்துவிட்டு, 1985இல் வண்டலூருக்குக் குடிபோனது. போகிற வழியில் ஒரு சிங்கத்தைக் கிண்டியில் இறக்கிவிட்டுப் போனதாகத் தகவல் இல்லை.

நான் இன்று எழுத உட்கார்ந்தது வெளிமானைப் பற்றி. அதற்கு வருகிறேன். அதற்கு முன்னால் பொதுக்கட்டுரையைப் பற்றி இரண்டு வார்த்தை.

முதலில் முன்னுரை. ‘ஓய்வின்றி உழைக்கும் மனிதனுக்கு’ என்றுதான் ஆரம்பிக்கவேண்டும். எழுதுகிறவனுக்கு வயது பதினாலு. அன்றைக்கு அவன் செய்த உழைப்பு, ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் கிரிக்கெட் ஸ்கோர் எழுதியது. அடுத்த வரியில் வள்ளுவர், ஔவையார், பாரதியார் மூவரில் ஒருவர் வந்து சுற்றுலாவுக்கு ஒப்புதல் கொடுத்தாகவேண்டும். வள்ளுவர் டூர் போவது பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்பதெல்லாம் ஒரு தடையா? மரம் வளர்ப்போம், நூலகம், சாலைப் பாதுகாப்பு என்று எந்தத் தலைப்பு வந்தாலும் அதே குறளைப் பச்சை ஸ்கெட்ச்சில் எழுதி அடிக்கோடிட்டவர்கள்தானே நாமெல்லாம்.

பிறகு ‘பயண ஏற்பாடு’. ஆசிரியர் அறிவித்ததும் எங்கள் மகிழ்ச்சிக்கு எல்லையே இல்லை. நான் படித்தது செஞ்சியில், பத்தாவது வரை மட்டும் இருந்த ஒரு ஹைஸ்கூலில். அங்கே சார் போர்டில் ‘சென்னை டூர்’ என்று எழுதியவரை மகிழ்ச்சிக்கு எல்லை இல்லாமல்தான் இருந்தது. அதற்குக் கீழே ஆளுக்கு எவ்வளவு என்று எழுதியதும், கடைசி பெஞ்ச் மொத்தமும் ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஆரம்பித்தது. “வீட்ல கேட்டுட்டு வரேன் சார்” என்றவர்கள் கேட்கவே மாட்டார்கள் என்று சாருக்கும் தெரியும். எந்தக் கட்டுரையிலும் பணம் என்ற சொல் வந்து நான் பார்த்ததில்லை.

‘புறப்பாடு’. கதிரவன் தன் பொற்கரங்களை நீட்டுவான், பறவைகள் இன்னிசை பாடும், பேருந்து அதிகாலை ஐந்து மணிக்குக் கிளம்பிவிடும். எங்கள் பஸ் ஏழே காலுக்கு வந்தது. முந்தின ராத்திரி அது ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தது. கம்பியில் வாழை மட்டை அப்படியே கட்டியிருந்தது. முன் சீட்டில் பி.டி. சாரின் மாமியார் ஏறி உட்கார்ந்து, கால் நீட்ட வசதியாகத் தண்ணீர்க் கேனை நகர்த்தச் சொன்னார்.

‘பயணம்’. பேருந்து காற்றாய்ப் பறந்தது, நாங்கள் ஆடிப்பாடி மகிழ்ந்தோம். தமிழ்நாட்டில் இதுவரை எழுதப்பட்ட சுற்றுலாக் கட்டுரை எதிலாவது ஒரு பையன் வாந்தி எடுத்திருக்கிறானா? எங்கள் பஸ்ஸில் திண்டிவனம் வருவதற்குள் முதல் ஆள். மேல்மருவத்தூர் வருவதற்குள் ஜன்னலோரம் முழுக்க. மோந்து பார்க்கச் சொல்லி ஓர் எலுமிச்சம்பழம் கை மாறிக் கை மாறிப் பின்னால் வந்தது. அது என்னிடம் வந்தபோது, அதை மோந்ததால்தான் எனக்கும் வந்தது.

‘கண்டு களித்தவை’. பாம்புப் பண்ணை, சிறுவர் பூங்கா, காந்தி மண்டபம், பிர்லா கோளரங்கம், மெரினா. எல்லாம் ஒரே நாளில், இருட்டுவதற்குள். பாம்புப் பண்ணை 1972இல் ரோமுலஸ் விட்டேக்கர் தொடங்கியது. ஊர் ஊராக எத்தனையோ பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாம்பு பயத்தைக் குறைத்த இடம். நாங்கள் அங்கே பார்த்தது முன்னால் நின்றவனின் பிடரியை. இரண்டிரண்டு பேராக வரிசை, வாயில் விரல், “நிக்காத, நட நட”. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு மலைப்பாம்பு அசையாமல் கிடந்தது. அது தூங்குகிறதா செத்துவிட்டதா என்ற சண்டை திரும்பி வரும்போது செங்கல்பட்டு வரை ஓடியது.

கோளரங்கம் அப்போது திறந்து சில வருஷம்தான் ஆகியிருந்தது. 1988இல் வந்தது. சாய்ந்த நாற்காலி, ஏ.சி., விளக்கை வேறு அணைத்துவிட்டார்கள். விடியற்காலை நாலு மணிக்கு எழுப்பிக் குளிக்க வைத்த பிள்ளைகள். சனி கிரகத்தின் வளையம் வருவதற்குள் ஒன்பதாம் வகுப்பு ‘பி’ பிரிவு முழுக்க உறங்கிவிட்டது. பால்வெளி மண்டலத்துக்குக் கீழே முதலில் குறட்டை விட்டது அறிவியல் சார்.

‘பயன்கள்’. ஒற்றுமை வளர்ந்தது, விட்டுக்கொடுக்கும் மனப்பான்மை வளர்ந்தது, பொது அறிவு வளர்ந்தது. ஜன்னல் சீட்டுக்காகக் கடித்துக்கொண்ட இரண்டு பேரைப் பிரித்து உட்கார வைத்திருந்தார்கள். மெரினாவில் தலை எண்ணியபோது ஒரு தலை அதிகம். எல்லா ஊரிலும் அதே காக்கி, அதே வெள்ளை என்பதால் யாருக்கும் தெரியவில்லை. வேறெந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பையனோ எங்கள் பஸ்ஸில் ஏறி எங்கள் புளியோதரையைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். “எங்க பஸ்ல லெமன் சாதம் சார்” என்றான். நியாயமான காரணம்.

இதில் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. நாங்கள் டூர் போனது ஜனவரியில். ‘நான் சென்று வந்த சுற்றுலா’வைக் காலாண்டுப் பரீட்சையிலேயே எழுதி முடித்திருந்தோம். அதனால் கிண்டியில் இறங்கியதும் எங்களுக்கு எல்லாமே ஏற்கெனவே தெரியும், சரிபார்ப்பதுதான் பாக்கி. மான் இருந்தது, சரி. மயில் இருந்தது, சரி. “சிங்கம் எங்க சார்?” என்று கேட்டேன். தமிழ் ஐயா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “அதெல்லாம் பரீட்சைக்குடா” என்றார். அந்த வருஷம் கட்டுரையில் முதல் மார்க் வாங்கியது யார் தெரியுமா? பணம் கட்ட முடியாமல் டூருக்கே வராத பையன். அவன் மனசில் குழப்ப எதுவும் இல்லை.

அப்போது தமிழுக்கு இரண்டு தாள். 2019இல் இரண்டையும் ஒன்றாக்கினார்கள். பாடப் புத்தகம் மாறிவிட்டது, வினாத்தாள் மாறிவிட்டது, பிள்ளைகளுக்கு க்யூ.ஆர். கோடெல்லாம் வந்துவிட்டது. சிங்கம் மட்டும் அதே இடத்தில் நின்று கர்ஜிக்கிறது. திருத்துகிறவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. ஒரே சுற்றுலாவை நாற்பது நோட்டில் படிக்கிறவருக்குத் தலைப்பு இருக்கிறதா, அடிக்கோடு இருக்கிறதா என்பதுதான் கண்ணில் படும். இடையில் ஒரு குரங்கு சிப்ஸ் தின்றுகொண்டிருந்தால் அதற்கு எந்தத் தலைப்பில் மார்க் போடுவார்? ‘கண்டு களித்தவை’யிலா, ‘உணவு’விலா?

வெளிமானுக்கு வருகிறேன். கிண்டிக் காட்டை 1978இல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். மொத்தமே மூன்று சதுர கிலோமீட்டருக்குக் குறைவு. ஆளுநர் மாளிகையின் தோட்டமாக இருந்த காடு அது. 1956இல் காந்தி மண்டபம், 1959இல் ஐ.ஐ.டி. என்று ஆளுக்கொரு பக்கமாக வெட்டி எடுத்துக்கொண்டது போக மிச்சம் இருப்பது இவ்வளவுதான். வெளிமானுக்குப் புதர்க்காடு ஆகாது, திறந்த புல்வெளி வேண்டும். ஆண் மானுக்கு முதுகு கறுத்து, கொம்பு முறுக்கிக்கொண்டு

“அப்பா, இந்த வாட்டி ஃபுல் மார்க்” என்று மகள் வந்து நிற்கிறாள்.

கடிதம். தெருமுனையில் உள்ள குழியை மூடித் தரும்படி ஆணையருக்கு விண்ணப்பம். அனுப்புநர், பெறுநர், பொருள், உறைமேல் முகவரி எல்லாம் அதனதன் இடத்தில். உறையின் ஓரத்தில் ஸ்டாம்ப்புக்குப் பென்சிலில் ஒரு கட்டம், ஸ்கேல் வைத்துப் போட்டது. எங்கள் தெருமுனையில் நிஜமாகவே ஒரு குழி இருக்கிறது. கேபிளுக்கோ குழாய்க்கோ யாரோ தோண்டிவிட்டு மண்ணை மேலே தள்ளிவிட்டுப் போனார்கள், ஒரு மழையில் உள்வாங்கிவிட்டது. அவள் சைக்கிளோடு அதில் ஒருமுறை விழுந்தும் இருக்கிறாள். கடிதத்தில் குழியின் ஆழமெல்லாம் சரியாக இருந்தது. எனக்கே புல்லரித்தது. இதை அப்படியே கவரில் போட்டு அனுப்பிவிடலாமே என்று மேலே பார்த்தேன். அனுப்புநர்: க.ச.ட., 1, பாரதி தெரு.

“ஏம்மா, நம்ம தெரு பேரைப் போடலை?”

“நிஜ அட்ரஸ் போட்டா மார்க் கட்டுப்பா.”

ஆணையர் ஆள் அனுப்பினால் அவர்கள் மண்ணும் மண்வெட்டியுமாக க.ச.ட.வைத் தேடிப் பாரதி தெருவுக்குப் போவார்கள். ஊரில் எத்தனை பாரதி தெரு இருக்கிறதோ, ஒவ்வொன்றாகப் போய்ப் பார்க்கட்டும். இன்று காலையும் நான் வண்டியை அந்தக் குழிக்குள் இறக்கித்தான் ஏற்றினேன்.